சுண்ணாம்பு வைத்த பாட்டுகள்

இன்று காலை அலமாரியைத் துடைக்கும்போது உங்கள் பழம்பாட்டுப் புத்தகம் கையில் வந்தது. பிரிக்கவில்லை. சும்மா தூக்கியதற்கே வெள்ளைப் பொடி மடியில் உதிர்ந்தது. வெற்றிலை வாசனையும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அப்போதிலிருந்து மனம் ஓரிடத்தில் நிற்க மறுக்கிறது.

சமஸ்தானம் போய், ராஜாவும் இல்லை என்றான பிறகுதான் உங்களுக்குப் பாட்டுகளில் ராஜாவைத் தேடும் வேலை வந்தது. திருமயம் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். சாயங்காலமானால் வெற்றிலையும் புத்தகமுமாக உட்கார்ந்துவிடுவீர்கள். தலைவி அழுதால் குடிகள் அழுகிறார்கள். சுனை வற்றினால் கஜானா காலி என்று பொருள் சொல்வீர்கள். எந்த வரியில் அரசியல் ஒளிந்திருப்பதாகப் பட்டதோ, அதன் ஓரத்தில் விரல் சுண்ணாம்பால் ஒரு தீற்று.

"அரசனுக்குப் பயந்து எழுதுனவன். அதான் பொம்பளை வாயில வச்சுச் சொல்றான்" என்பீர்கள்.

"ஏங்க, ஒரு பொம்பளை புருஷனை நெனச்சு சும்மா அழக் கூடாதாக்கும்?" என்று கேட்டால் சிரிப்பீர்கள். எனக்கு எரிச்சலாக வரும். என்னை நினைத்து நீங்கள் ஒரு பாட்டாவது படித்திருப்பீர்களா என்று அப்போதெல்லாம் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

ஒரு பொங்கலுக்கு, சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்று சொல்லி குன்றாண்டார்கோவிலில் இருந்த அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போக, அங்கேயே தங்கிவிட்டேன். மாசி போய்ப் பங்குனியும் வந்தது. உங்களிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. அப்போதுதான் தம்பி சைக்கிளில் வந்து, "அக்கா, மச்சானுக்கு வேலை போயிரும் போல" என்றான்.

நார்த்தாமலைப் பூச்சொரிதல் திருவிழா மேடையில் நீங்கள் ஒரு பாட்டைச் சொல்லிப் பொருளும் சொன்னீர்களாம். வருவேன் என்று சத்தியம் செய்து போனவர் வரவில்லை, நம்பிய கண்ணைத்தான் குற்றம் சொல்ல வேண்டும் என்று. ஜெயித்த பிறகு ஊர்ப்பக்கமே வராத சட்டசபை உறுப்பினர் அன்று முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருக்கிறார். கூட்டம் கைதட்டி, விசிலடித்து ஓய்ந்தபோது அவர் எழுந்து போய்விட்டார். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர் மேடையில் அரசியல் பேசலாமா என்று உங்களிடம் விளக்கம் கேட்டார்கள்.

தம்பியோடு அன்றே திரும்பியவள், நீங்கள் விளக்கம் சொல்லப் போனபோது கூடவே வந்தேன். கல்வி அதிகாரி நல்ல மனிதர். "வெறும் காதல் பாட்டுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க சார், முடிஞ்சு போச்சு" என்றார்.

"வெறும்னு எழுத மாட்டேன்" என்று நீங்கள் விறைத்துக்கொண்டு நின்றீர்கள். உங்கள் சம்பளத்தை விட்டால் நமக்கு வேறு வழி ஏது?

பின்னால் நின்ற நான் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தேன். "சார், சீக்கிரம் வாரேன்னு அம்மா வீட்டுக்குப் போனவ, பங்குனி பொறந்தும் வரலைங்க. இவுக அதை நெனச்சுத்தான் சொல்லியிருக்காக. நான்தாங்க அது."

அதிகாரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதையே அவர் எழுதி, விஷயத்தை முடித்துவிட்டார். நீங்கள் மறுக்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "என்னங்க, மேடையில நெசமா யாரை நெனச்சீங்க?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "அதான் ஆபீசர்கிட்ட நீயே சொல்லிட்டியே" என்றீர்கள். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கேட்டேன். அதே பதில், அதே சிரிப்பு. ஆசுபத்திரிக் கட்டிலிலும் கேட்டேன். அன்று சிரிப்பு மட்டும்தான் வந்தது.

அந்தப் பாட்டு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். ஓரத்தில் தீற்று இருக்கிறதா என்று நீங்கள் இருந்தவரை பார்க்கவில்லை. போன பிறகும் பயம். இருந்தால் அங்கேயும் ராஜாதான், நான் இல்லை. இன்றைக்கோ பொடி உதிர்ந்துவிட்டது. எந்தப் பக்கத்துப் பொடி என்று யாருக்குத் தெரியும்? இனிப் புரட்டிப் பார்த்து அங்கே ஒன்றும் இல்லையென்றாலும் என்னால் நம்ப முடியாது.

புத்தகத்தைப் பிரிக்காமலே திரும்ப வைத்துவிட்டேன். ஆனாலும் ஒன்று. அந்தப் பாட்டில் வருவது யார் என்று நாளைக்கு யார் வந்து கேட்டாலும், முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு அதையேதான் சொல்வேன்: "நான்தாங்க அது."