கடுகு மஞ்சள் ஸ்வெட்டர்

செப்டம்பர் 5, வெள்ளி

நூலகத்து மாடிக்குப் போனதும் அட்டைப்பெட்டியின் மேலேயே ஒரு கடுகு மஞ்சள் ஸ்வெட்டர் கிடந்தது. ஆண்கள் ஸ்வெட்டர், கையால் பின்னியது, ஒரு முழங்கையில் மட்டும் கிழிசல். இப்படி ஒரு நூல் கண்ணில் பட்டு மாதக்கணக்காகிறது.

செவ்வாயும் வெள்ளியும் அங்கே கூடும் எங்கள் முதியோர் கைவினைக் குழுவில் எனக்குப் பிரிக்கும் வேலை. பெட்டியில் யார் யாரோ போட்டுவிட்டுப் போகும் பழைய ஸ்வெட்டர்களைப் பிரித்து, நூலை நீள வளையமாக, சிட்டமாகக் கட்டி, அலசித் தருவேன். மற்றவர்கள் அதில் பச்சைக் குழந்தைகளுக்குப் போர்வை பின்னுவார்கள். எனக்குப் பின்ன வராது. முப்பத்தொரு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவளுக்கு அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்கத்தான் வரும்.

கழுத்தில் நுனி அகப்பட்டதும் சரசரவென்று வந்தது. கிழிந்த கை அறுந்து அறுந்து வரும் என்று கடைசிக்கு வைத்தேன். அது மட்டும் பிரிக்காமல் மிச்சம். எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, நூலை அலசிக் கொடியில் போட்டாயிற்று. "என் பனியனுக்கு இடமில்ல, யாரோ ஸ்வெட்டருக்கு ராஜ மரியாதையா?" என்கிறார் இவர்.

குழுவில் என்னோடு நூல் சுற்றும் நர்ஸம்மா, நான் வருவதற்குள் ஏதோ போன் வந்து போய்விட்டாளாம். அதனால் இன்று நூல் சுற்றவில்லை. அதற்கு இரண்டு பேர் வேண்டும். நான் கைகளை நீட்டிச் சிட்டத்தை மாட்டிக்கொள்வேன், அவள் உருண்டையாகச் சுற்றுவாள். தம்பி செத்துப்போன பிறகு அவள் வாய் திறப்பதே அந்த நேரத்தில்தான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

எப்படி எழுதுவது இதை.

உள்ளே நுழைந்ததுமே நர்ஸம்மா கேட்டாள். "அக்கா, பெட்டி மேல ஒரு ஸ்வெட்டர் வச்சிருந்தேன், பார்த்தீங்களா? என் தம்பியோடது. முழங்கையைத் தைக்கலாம்னு கொண்டாந்தேன். போன் வந்ததும் அப்படியே வச்சுட்டு ஓடிட்டேன். அவன் போனதுலேர்ந்து துவைக்கக்கூட இல்லக்கா."

துவைக்கவில்லையாம். நான் இரண்டு தரம் அலசியிருக்கிறேன்.

"இல்லையே" என்றேன். நான்தான் சொன்னேன். என் மடியில் இருந்த பைக்குள் அத்தனை நூலும் இருந்தது.

குழுத் தலைவர் ஹெட்மாஸ்டராக இருந்தவர். இன்னும் கையில் பிரம்பு இல்லாததுதான் குறை. நூலகத்தைக் கூட்டுகிற பெண்ணைக் கூப்பிட்டு, "பையைக் கொஞ்சம் காட்டும்மா, சும்மா ஒரு சந்தேகத்துக்கு" என்றார். அவள் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். சாப்பாட்டு டப்பா. சீப்பு. மாத்திரை அட்டை. தைக்கக் கொடுக்க வைத்திருந்த ஒரு குழந்தைச் செருப்பு. எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட அவளுக்கு வெகுநேரமாயிற்று.

என் பையை யாரும் கேட்கவில்லை.

செப்டம்பர் 10, புதன்

அதே நூல்தானே? யாரையாவது பிடித்து அதே மாதிரி பின்னச் சொல்லி, பெட்டிக்கு அடியில் கிடந்தது என்று — ச்சீ. என்ன புத்தி இது!

அலமாரியைத் திறந்த இவர், "இது என்ன, ஒத்தைக் கை மட்டும்?" என்று சிரித்தார். அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் கொட்டினேன்.

"போய்ச் சொல்லிடு."

"வெள்ளிக்கிழமைதான் எல்லாரும் வருவாங்க."

"அதுவரைக்கும் அந்தப் பொண்ணு திருடியா?"

அப்படியும் போகவில்லை. எனக்குப் பயம், அவ்வளவுதான்.

செப்டம்பர் 12, வெள்ளி

கூட்டுகிற பெண் வரவில்லை. நாற்காலிகளுக்கு அடியில் செவ்வாய்க்கிழமை நூல் துணுக்குகள் அப்படியே கிடந்தன. "பார்த்தீங்களா? இதுலயே தெரியலையா?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"நான்தான் பிரிச்சேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். சிட்டங்களையும் அந்தக் கையையும் எடுத்து மேசையில் வைத்தேன்.

நர்ஸம்மா ஒரு சிட்டத்தை எடுத்து முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான் வந்திருக்கும்.

"தெரியாம பிரிச்சிட்டீங்க. சரி. செவ்வாய்க்கிழமை கேட்டேனே, இல்லைன்னு சொன்னீங்களே?"

"நூல் முழுசா இருக்கேம்மா, திரும்பப் பின்னிடலாம்" என்று ஹெட்மாஸ்டர் சமாதானம் சொல்ல வந்தார்.

"பின்னலாம் சார். போட்டுக்க அவன் வருவானா?"

கையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நூலைத் தொடவில்லை.

செப்டம்பர் 13, சனி

கூட்டுகிற பெண்ணின் வீடு. ஹெட்மாஸ்டரையும் இழுத்துக்கொண்டு போனேன். அவர் வாசலிலேயே நின்று மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன். அவள் துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: "அவரு சந்தேகப்பட்டாரு, பையைக் காட்டச் சொன்னாரு. உங்களுக்கு எந்தச் சந்தேகமும் இல்லையேம்மா. தெரிஞ்சேதானே பார்த்துக்கிட்டிருந்தீங்க?"

திங்கட்கிழமையிலிருந்து வருகிறாளாம். எனக்காக இல்லை, சம்பளத்துக்காக. அதையும் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

நர்ஸம்மா அந்தக் கோடியில் உட்கார்ந்தாள். அங்கே இருந்த ஒரு வெள்ளைச் சிட்டத்தை நாற்காலி முதுகில் மாட்டித் தனியாகச் சுற்றினாள். சிக்கிக்கொண்டது. எழப் போனேன். அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

மஞ்சள் சிட்டங்கள் ஜன்னலோர ஆணியில் தொங்குகின்றன. யாரும் தொடுவதில்லை. கூட்டுகிற பெண் மட்டும் அவற்றில் தூசு தட்டுகிறாள்.

செப்டம்பர் 30, செவ்வாய்

இப்போதெல்லாம் பெட்டியிலிருந்து எதை எடுத்தாலும் தூக்கிப் பிடித்து, "இது யாரோடது? பிரிக்கலாமா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் கத்தரியைத் தொடுகிறேன். ஹெட்மாஸ்டர் தன் மப்ளரைக் கழுத்தோடு இறுக்கிக்கொண்டு, "இது என்னோடதும்மா, எழுதிக் கையெழுத்துப் போடணுமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நர்ஸம்மா சிரிக்கவில்லை.

குழுவை விட்டு நின்றுவிடலாமா? "நின்னுட்டா உனக்கு நிம்மதி, அந்தம்மாவுக்கு என்ன?" என்கிறார் இவர். காது மந்தமானதிலிருந்து இவருக்குப் பேச்சு கூர்மையாகிவிட்டது.

அக்டோபர் 3, வெள்ளி

போனேன். ஒன்றும் நடக்கவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

நீல ஸ்வெட்டர் ஒன்றைத் தூக்கிப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். நர்ஸம்மா எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். ஆணியிலிருந்து ஒரு மஞ்சள் சிட்டத்தை எடுத்தாள். நாற்காலியை இழுத்துவந்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். மடியில் அந்த ஒற்றைக் கை. கிழிசல் அப்படியே இருந்தது.

"முழங்கையைத் தைக்கணும். இதே நூல்தான் வேணும்" என்றாள், கிழிசலைப் பார்த்தபடியே.

தலையாட்டினேன்.

"எனக்கு இன்னும் கோபம் போகல."

"தெரியும்" என்றேன்.

கொஞ்ச நேரம் நூலின் நுனியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"கையை நீட்டுங்கக்கா."

நீட்டினேன். சிட்டத்தை மாட்டினாள்.

"ஆடாம பிடிங்க" என்று சொல்லிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தாள்.