குஷிரோவுக்குப் போன நத்தோ

மித்தோ
1996 நவம்பர் 4

என்னங்க,

உங்கள் நெஞ்சு தாறுமாறாக அடிக்கிறது, ஆஸ்பத்திரிக்கு அலைகிறீர்கள் என்று உங்கள் தங்கை போனில் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, "எங்க ஊருக்குப் போறேன், வர்றதுன்னா வா" என்று குஷிரோவுக்குக் கிளம்பினீர்கள். இரண்டு வருஷமாக நானும் வரவில்லை, நீங்களும் மறுபடி கூப்பிடவில்லை. வீம்பில் நாம் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

அண்ணன் பட்டறை நத்தோ அனுப்பியிருக்கிறேன். சோயாவை வேகவைத்து, வைக்கோலில் பொதிந்து, புளிக்க வைத்தது எல்லாம் என் கைதான். நத்தோ இரத்தத்தை நீர்க்க வைக்கும் என்று இப்போது டிவியிலேயே சொல்கிறார்கள். சுடுசோற்றில் போட்டு, நூல் நூலாக இழுபடும்வரை கிளறிச் சாப்பிடுங்கள்.

ஹிசாயே

குஷிரோ
நவம்பர் 11

அன்புள்ள ஹிசாயே,

பொதியைத் திறந்ததும் வீடெல்லாம் அந்த வாடை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது. ஆனால் நான் அதைச் சாப்பிடக் கூடாதாம்.

என் இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்குகிறது. அதனால் இரத்தம் ஒரு மூலையில் தேங்கி உறைந்துவிடும். அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்தால் கைகால் விழுந்துவிடும். உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை தருகிறார்கள். நத்தோ அந்த மாத்திரையை முறித்துவிடுமாம். பெண்டாட்டிக்கு எந்த ஊர் என்று டாக்டர் கேட்டார். நத்தோவுக்கே பேர்போன உன் ஊரைச் சொன்னேன். "மித்தோவா? அப்ப உங்களுக்கு ரெட்டைக் கண்டம்" என்றார்.

பொதியைப் பக்கத்து வீட்டு ஒகுமுராவுக்குக் கொடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. இனி அனுப்ப வேண்டாம்.

கென்சாக்கு

மித்தோ
நவம்பர் 16

என்னங்க,

ஒகுமுரா நன்றாகச் சாப்பிட்டாரா? என் கை வெந்நீரில் வெந்தது அவருக்காகத்தான் போலிருக்கிறது.

மீன் தின்கிற ஊர் டாக்டருக்கு நத்தோவைப் பற்றி என்ன தெரியும்? மூன்று வேளையும் நத்தோ தின்ற என் அப்பா தொண்ணூறு வயது வரை இருந்தார். அண்ணனிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "மாத்திரையும் ரத்தத்தை நீர்க்க வைக்குது, நத்தோவும் நீர்க்க வைக்குது. ரெண்டும் சேந்தா நல்லதுதானே?" என்று கேட்கிறார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

இன்னொரு பொதி அனுப்புகிறேன். இனி வாராவாரம் வரும். இதையும் யாருக்காவது தூக்கிக் கொடுத்தீர்களானால், உங்களுக்கு வேண்டாதது நத்தோ இல்லை, நான்தான் என்று எடுத்துக்கொள்வேன்.

ஹிசாயே

குஷிரோ
டிசம்பர் 12

ஹிசாயே,

கோழி கிளறியது போன்ற எழுத்துக்கு மன்னித்துக்கொள். இடது கையால் எழுதுகிறேன்.

நீ அனுப்பியதையெல்லாம் சாப்பிட்டேன். காலையில் கிண்ணத்தில் போட்டுக் கிளறும்போது எதிரே நீ உட்கார்ந்து "இன்னும் கிளறுங்க" என்று அதட்டுவது போலவே இருக்கும். போன வாரம் அப்படிக் கிளறிக்கொண்டிருக்கையில் சாப்பிடும் குச்சிகள் கையிலிருந்து நழுவின. எடுக்க முடியவில்லை. ஒகுமுராவைக் கூப்பிட்டால் நாக்கு குழறியது. அவர்தான் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். சின்னக் கட்டிதானாம், நடக்கிறேன். வலது கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

டாக்டர் திட்டினார். "பெண்டாட்டி மேல ஆசை இருந்தா போன் பண்ணுங்க. உயிரக் குடுத்தா காட்டுவாங்க?"

உன்மேல் தப்பில்லை. தெரிந்துதான் தின்றேன். நீ எனக்கு வேண்டாதவள் என்று நீ நினைத்துவிடக் கூடாதே என்று தின்றேன்.

கென்சாக்கு

மித்தோ
டிசம்பர் 17

என்னங்க,

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு இங்குள்ள ஆஸ்பத்திரி மருந்துக்காரம்மாவிடம் ஓடினேன். நத்தோவில் இருக்கும் ஒரு சத்து இரத்தத்தை உறைய வைக்குமாம். சோயாவைப் புளிக்க வைக்கிற கிருமி, தின்ற பிறகும் வயிற்றிலிருந்தபடியே அதைச் சுரந்துகொண்டிருக்குமாம். உங்கள் மாத்திரை கட்டிப்போட்டதை நான் வாராவாரம் அவிழ்த்துவிட்டிருக்கிறேன். டிவி சொன்னது வேறு ஏதோ. அது இந்த மாத்திரைக்கு ஈடாகாதாம். பிறந்ததிலிருந்து நத்தோவோடு கிடந்தும் இது எனக்குத் தெரியவில்லை. தெரிந்து சொன்ன உங்களையும் நம்பவில்லை.

அண்ணனிடமும் இதைச் சொன்னேன். "கடைக்கு வர்றவங்ககிட்டயும் இப்படித்தானே சொல்லியிருக்கோம்" என்றார். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நத்தோ வாங்க வேண்டாமென்று மறுநாளே கடை வாசலில் எழுதி ஒட்டிவிட்டார்.

சனிக்கிழமை ஓஅராய் துறைமுகத்தில் கப்பல் ஏறுகிறேன். தொமாகொமாயில் இறங்கி ரயில் பிடித்து வருவேன். உங்கள் ஊர்ப் பனிமூட்டமும் குளிரும் எனக்கு இப்போதும் பிடிக்காது. அதற்காக வராமல் இருக்கப் போவதில்லை. யார் வீட்டுக்கும் ஒரு பெட்டி பலகாரமாவது கட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்று வளர்ந்தவள் நான். உங்கள் வீட்டுக்கு வெறுங்கையோடு வருகிறேன். திரும்பிப் போகிற டிக்கெட்டும் எடுக்கவில்லை.

நான் வேண்டும் என்பதற்காக இனி நீங்கள் எதையும் தின்று காட்ட வேண்டாம். வாயால் சொன்னால் போதும். நாக்கு குழறினாலும் பரவாயில்லை, எனக்குப் புரியும்.

உங்கள்
ஹிசாயே