வங்கியில் போட்ட சாவி

லீட்ஸில் உன் அக்கா வீட்டில் இருக்கும் உனக்கு,

வீட்டுச் சாவியை உறையில் போட்டு வங்கியின் கதவிடுக்கில் தள்ளிவிட்டுப் போய்விட்டாய். சாவியைக் கொடுத்தால் கடன் தீர்ந்தது என்று சொன்னதும் நமக்கு வீட்டுக்கடன் வாங்கித் தந்த அந்தத் தரகன் டேரன்தானே? "சம்பளத்த நீங்களே கூட்டி எழுதுங்க தலைவரே, வங்கியில யாரும் சரிபாக்க மாட்டாங்க" என்று நம் சமையலறையில் உட்கார்ந்து சிரித்தவன்.

நேற்று வங்கிக்குப் போனேன்.

"இப்ப இருக்கிற விலைக்கு ஏலம் விட்டா கடன்ல பாதிதாங்க அடையும். மிச்சத்த நீங்க ரெண்டு பேரும் கட்டித்தான் ஆகணும்" என்றாள் அங்கிருந்த பெண். நம் தெருவிலேயே நான்கு வீடுகள் வாங்க ஆளில்லாமல் கிடக்கின்றன.

"வீடு என் பேர்லயும் இருக்கு. நான் சம்மதிக்கல. சாவியக் குடும்மா" என்றேன். கொடுத்துவிட்டாள்.

நீ எங்கே என்று நம் மகள் கெய்லி ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை நம் படுக்கையறைக்கு நர்ஸ் ஒருத்தி வாடகைக்கு வருகிறாள். நானும் மகளும் ஒரே கட்டிலில் படுத்துக்கொள்வோம். தவணையை நான் கட்டிக்கொள்கிறேன். நீ திரும்பி வந்தால் இங்கே படுக்க இடமில்லை. டேரனிடம் கேட்டுப் பார்.

இப்படிக்கு,
வீட்டை விட்டுப் போகாதவள்