சவ்வரிசிக்கு உடுப்புப் போட்ட கதை

என் அருமை மச்சாள் மாலினிக்கு,

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உம்முடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று பின்னேரம், கனடா மாமியின் பட்டுச்சேலை மடியில் இடியப்ப மாவை அடித்தது நான்தான். வேண்டுமென்று அல்ல. உம்முடைய ஆராய்ச்சியை விளங்கப்படுத்தப் போய் வந்த வினை.

மாமி கேட்டது சின்னக் கேள்விதான்: "உந்தப் பிள்ளை நாள் முழுக்கக் கம்பியூட்டருக்கு முன்னால இருந்து என்னத்தைச் செய்தவ?" வெள்ளவத்தையில் எந்தக் கேள்விக்காவது நான் பதில் சொல்லாமல் விட்டதுண்டா? உமக்குப் பிடித்ததையெல்லாம் படைத்த நாள் என்பதால் இடியப்ப உரல் கைக்கெட்டக் கிடந்தது. மாவுக்குள் ஊறவைத்த சவ்வரிசியைப் போட்டேன்.

"இது மருந்து சுமக்கிற துணிக்கை, மாமி. கண்ணுக்கே தெரியாது. மா, எங்கட உடம்புக் கலத்தின்ர, அதுதான் செல்லின்ர, தோல். துளையால அமத்தினாத் துணிக்கைக்குத் தோல் உடுப்பாச் சுத்திக்கொள்ளும். உடம்புக்குள்ள காவல் நிக்கிறவையும் 'எங்கட ஆள்தான்' எண்டு விட்டுடுவினம்." சொல்லிக்கொண்டே என் முழுப் பாரத்தையும் போட்டு அமத்தினேன். என் பாரம் உமக்குத் தெரியும். உரல் பக்கவாட்டில் பீறியது.

மாமி போட்ட சத்தம் பாமன்கடைச் சந்தி வரை கேட்டிருக்கும். அதற்குள் இன்னொரு குரல்: "பிழை, பிழை!" என் அண்ணா, உம்முடைய மனுசன்.

நீர் போன பிறகு உம்முடைய மனுசன் உம்முடைய அறையைப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தார். உம்மோடு வேலை செய்த ஃபர்ஹானா நீர் கம்பியூட்டரில் கணக்குப் போட்டு வைத்த மொடலைக் கேட்டு வரும்போதெல்லாம் தேத்தண்ணி கொடுத்தார், திறப்பைக் கொடுக்கவில்லை. காரணத்தை எனக்கு மட்டும் சொன்னார்: "எல்லாரும் தோல் துணிக்கையை முழுசா மூடும் எண்டு சொல்லேக்க, இவ மட்டும் அரைவாசிதான் மூடும் எண்டு நிண்டவ. ஆய்வுகூடத்தில செய்து பாத்துப் பிழை எண்டு வந்தா? செத்த பிறகும் அவவைப் பாத்து ஆரும் சிரிக்க விடமாட்டன்."

நானும் தேத்தண்ணி குடித்தேன்.

அதே மனிதர் அன்று எழுந்து வந்து, மாமியின் மடியிலிருந்து ஒரு சவ்வரிசியை எடுத்தார். "தங்கச்சி, மா மாதிரி அப்பிறதில்லை. தோல் சின்னச் சின்னப் பையாய்த் தண்ணியில மிதக்கும். துளைக்குள்ள நெரிபடேக்க பை கிழியும், துணிக்கையைச் சுத்தித் திரும்ப மூடப் பாக்கும். மாலினி கணக்குப் போட்டது அந்த மூடுற இடத்தைத்தான். கனக்கத் துணிக்கை மூடி முடியமுதலே வெளியில வந்திடும்." சவ்வரிசியை உயர்த்திக் காட்டினார். ஒரு பக்கம் மா, மறுபக்கம் வெறுமை.

இத்தனை நாள் நீர் கதைக்கும்போது பேப்பருக்குள் தலையைப் புதைத்திருந்த மனுசனா இது?

"அப்ப அரைகுறை உடுப்போட சனம் நிறைஞ்ச காலி வீதியில நடந்தாப் பொலிஸ் பிடிக்கும்தானே, அண்ணா?" என்றேன். சிரித்தார், மச்சாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது.

மாமி மடியைத் துடைத்தபடி கேட்டார்: "அது சரி, அந்தப் பிள்ளை சொன்னது சரியோ பிழையோ?"

"செஞ்சு பாத்தாத்தான் விளங்கும், மாமி," என்றார் மூலையில் இருந்த ஃபர்ஹானா. "பிழச்சாலும், எங்க பிழச்ச எண்டு மாலினிட மொடல்தான் காட்டும். அதுக்கு ஆரும் சிரிக்கமாட்டாங்க, அண்ணன்." (அண்ணா எனக்கு மட்டும் சொன்னது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேளாதேயும், வாயாடி நான்தானே.)

அண்ணா இடுப்பைத் தடவித் திறப்பை எடுத்துக் கொடுத்தார்.

இப்போது ஆய்வுகூடத்தில் சோதனை நடக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை. அண்ணா அந்த அறை யன்னலைத் திறந்து வைத்திருக்கிறார்; கடற்காற்று வருகிறது.

சரியோ பிழையோ, முடிவு வந்த அன்று, சந்தையில் ஒருவரிடமும் வாய் திறக்காமல் முதலில் உமக்குத்தான் சொல்லுவேன். எனக்கு அது எவ்வளவு பெரிய தவம் என்று நீர் அறிவீர். அண்ணாவையும் தனியே இருந்து சாப்பிட விடமாட்டேன்.

உம்முடைய வாயாடி மச்சாள்,
சுகந்தி

பி.கு. ஃபர்ஹானா நேற்று என் காதுக்குள் சொன்னார்: தனியே கிடந்த அண்ணாவோடு இருந்து கதைக்கத் தனக்கு ஒரு சாட்டுத்தான் வேண்டியிருந்ததாம். மொடலை, ஆஸ்பத்திரிக்குப் போக முன்னமே நீர் தனக்கு அனுப்பிவிட்டீராம்.