பூஜ்யத்துக்குப் பக்கத்தில்

அண்ணி,

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. கரையேற்றிய விசைப்படகுகளுக்கு இன்று காலை பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு வந்து இறங்கியதுமே அந்த வாசனை. நீங்கள் போன பிறகு வரும் முதல் கோடை இது.

பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு முடித்துவிட்டு நான் வீட்டில் இருந்த விடுமுறை நினைவுக்கு வந்தது. நீங்கள் கணிதத்தில் பட்டம் வாங்கி, அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்து அப்போது எட்டு வருடம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று உயர்கணிதப் பாடங்களை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது என்று சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்த நீங்கள் நிமிர்ந்து, "நானும் வரேன்" என்றீர்கள்.

அண்ணனும் கடலுக்குப் போகாத நாட்கள். வண்டியில் மூன்று பேருமாகக் கோவில்பத்து பிரவுசிங் சென்டருக்குப் போவோம். வீடியோ ஓடாது, சுற்றிக்கொண்டே நிற்கும். பாடக்குறிப்புகளை மட்டும் அச்செடுத்து வந்து, சமையல் முடிந்ததும் கூடத்தில் உட்கார்ந்து படிப்போம். எட்டு வருடம் விட்ட கணக்கு உங்களுக்குப் பத்தே நாளில் திரும்பி வந்துவிட்டது. நான்தான் பின்னால் ஓடி வந்தேன்.

நான்காம் பயிற்சியின் விடையில் நீங்கள் நின்றுவிட்டீர்கள். பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவிலான திறந்த இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு, ஆகவே அது ஒரு எல்லைக்குள் அடங்கும் என்று போட்டிருந்தார்கள்.

"இடைவெளியில முனைப்புள்ளி ரெண்டும் சேரலையே. ஒன்னு பை எக்ஸ் போட்டுப் பாரு. பூஜ்யத்துக்குப் பக்கத்துல போகப் போக எகிறுது. எப்படி அடங்கும்?"

"அவங்க எவ்வளவு பெரிய இடம் அண்ணி. நமக்குத்தான் ஏதோ புரியலை."

"பெரிய இடமா இருந்தா முனைப்புள்ளி தன்னால வந்து ஒட்டிக்குமா?"

மூன்று நாள் உங்களோடு வாதாடித் தோற்றேன். கடைசியில் நீங்கள் சொல்லச் சொல்ல, பேராசிரியருக்கு நாலு வரி மின்னஞ்சல் தட்டினேன். உங்கள் பெயருக்குக் கீழே 'மாணவி' என்று நான் போட்டதை அழிக்கச் சொன்னீர்கள். "பொய் எதுக்கு? பேரும் ஊரும் போதும்."

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. தவறு தங்களுடையதுதான், திருத்திவிட்டோம், நன்றி என்றிருந்தது. எந்தக் கல்லூரியில் கற்பிக்கிறீர்கள் என்றும் கேட்டிருந்தார். அந்த வரியை நீங்கள் இரண்டு தரம் படித்தீர்கள். சென்டருக்கு வெளியே வண்டியில் சாய்ந்து நின்ற அண்ணனிடம் போய்ச் சொன்னீர்கள்.

"அப்ப நீ சொன்னதுதான் சரியா?"

"ஆமாங்க."

அண்ணன் வண்டியிலிருந்து நிமிர்ந்து நின்றார். பிறகு, "மேல படிக்க அப்ளிகேஷன் எங்க குடுப்பாங்கன்னு விசாரி. நாளைக்கே போவோம்" என்றார்.

அந்த வருடமே எம்.எஸ்சி. சேர்ந்தீர்கள். பிறகு மேல்நிலை வகுப்புகளுக்கு டீச்சர். விழிதியூரிலிருந்தும் வரிச்சிக்குடியிலிருந்தும் வந்த உங்கள் பிள்ளைகளை உங்கள் காரியத்தன்றுதான் பார்த்தேன். வாசல் கொள்ளவில்லை.

நானும் இப்போது கல்லூரியில் கணக்குதான் எடுக்கிறேன். போன மாதம் ஒரு கருத்தரங்கில், பெயர் பெற்ற ஒருவரின் நிரூபணத்தில் ஒரு படி விட்டுப்போயிருந்தது. அக்கம்பக்கம் பார்க்காமல் எழுந்து கேட்டேன். அவர் பலகையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஆமாம்மா, விட்டுட்டேன்" என்று எழுதிச் சேர்த்தார். உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன்: எழுவதற்கு முன் நான் யோசிக்கவே இல்லை. உங்களோடு இருந்த வருடங்களில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது, அண்ணி. இனி என்னை விட்டுப் போகாது.