மேலிடத்துக்குத் தெரிவிக்கப்படும்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் சௌக்கியம் என்று ஆரம்பிப்பதுதான் முறை, அதனால் சௌக்கியம். நீ நன்றாகத்தான் இருப்பாய், ஏதாவது ஒன்று என்றால்தான் உனக்கு எங்கள் நம்பர் ஞாபகம் வருமே.

அப்பாவுக்கு வலது கண்ணும் மங்கிவிட்டது. இனி கண்ணாடி மாற்றிப் பிரயோஜனமில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். பேப்பரை மூக்கோடு ஒட்டிவைத்து ஒரு தலைப்பைப் படிக்கிறார், பிறகு மடித்து வைத்துவிட்டு அழுகிறார். நான் படித்துக் காட்டினால் "நீ கோவமா படிக்கிற" என்கிறார். எழுத்தை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் இருக்கிறது, இலவசம்தான் என்று எதிர்வீட்டு நர்ஸ் சொன்னாள். போன தடவை வந்தபோது பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் என்று ஒன்றைப் போட்டுவிட்டுப் போனாயே, அதில் அதை ஏற்றலாம் என்று உட்கார்ந்தேன். கறுப்புத் திரையில் சூடோ என்று ஆரம்பித்து ஒரு வரி அடிக்க வேண்டுமாம். ஆபீசில் காலமெல்லாம் டைப் அடித்த கைதானே, அடித்தேன். பாஸ்வேர்டு கேட்டது. நீ எங்களுக்கென்று வைத்துக்கொடுத்ததை அடிக்க அடிக்கத் திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை, விசைப்பலகை செத்துவிட்டது என்று நினைத்துத் தட்டித் தட்டிப் பார்த்தேன். அது அப்படித்தானாம், காட்டாமலே வாங்கிக்கொள்ளுமாம். வாங்கிக்கொண்டு, உனக்கு இந்த உரிமை கிடையாது, இந்தச் சம்பவம் மேலிடத்துக்குத் தெரிவிக்கப்படும் என்று இங்கிலீஷில் ஒரு சூடு வைத்தது பார்.

நான் பதறி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தேன், அப்பாவுக்கோ முகமெல்லாம் சிரிப்பு. "மேலிடம்னா யாரு, நம்ம பையன்தான். அவனுக்குத் தகவல் போயிடும், அவனே கூப்பிடுவான் பாரு" என்று நல்ல சட்டையாக மாட்டிக்கொண்டு போனை மடியில் வைத்துக்கொண்டார். நீ கூப்பிடவில்லை. "போய்ச் சேரலையோ என்னமோ, இன்னொரு தரம் அடி" என்றார். தினமும் அடித்தேன், தினமும் சட்டை மாட்டினார். தன்மேல் புகார் போகவேண்டும் என்று ஏங்கிய மனுஷன் உலகத்திலேயே இவர் ஒருவர்தான் இருப்பார். கடைசியில் நானே போன் போட்டேன். "மீட்டிங்ல இருக்கேம்மா, பாஸ்வேர்டு குடுத்தா எதையாவது தொட்டுக் கெடுத்துடுவீங்க, நான் வர்றப்ப பாத்துக்கறேன்" என்றாய். ஸ்பீக்கரில் அவரும் கேட்டார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

லினக்ஸ் ஏற்றிவிட்டு நீ மேஜை டிராயரில் விட்டுப்போன பென்டிரைவைச் சொருகி, என் பாஸ்வேர்டிலேயே எல்லாவற்றையும் முதலிலிருந்து போட்டேன். இதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று ஒரே ஒரு தடவை கேட்டது. நீ தவழ்ந்ததிலிருந்து உன் கல்யாணம் வரை எல்லாப் படமும் அதில்தான் இருந்தது. "வேணாண்டி, பையன் படமெல்லாம் இருக்கு" என்று அப்பா கெஞ்சினார். "இருந்தா மட்டும் உங்களுக்குத் தெரியப்போகுதா" என்றேன். சம்மதம் என்று அழுத்தினேன்.

இப்போது அது காலையிலிருந்து கரகரவென்று படித்துக்கொண்டே இருக்கிறது. அதற்குக் கோபமே வருவதில்லை என்று அப்பாவுக்குப் பரம திருப்தி. இந்தக் கடிதத்தையும் அதில்தான் அடித்தேன், இதுவரை அவருக்குப் படித்தும் காட்டியது. படம் அழிந்ததை மட்டும் எடுத்துவிடு, பையன் தாங்க மாட்டான் என்றார். எடுத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

உனக்கும் அதில் ஒரு கணக்குத் திறந்து வைத்திருக்கிறேன், விருந்தாளி என்ற பெயரில். வந்தால் உட்கார்ந்து பார்க்கலாம், எதையும் ஏற்றவோ எடுக்கவோ முடியாது. மீறினால் மேலிடத்துக்குத் தகவல் வரும். பயப்படாதே, உன்னைப்போலவே நானும் கண்டுகொள்ள மாட்டேன்.

தீர்க்காயுசாக இரு. அப்பா தனியாகவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். ராப்பகலாகத் திரையையே பார்க்கிறாய், போய்க் கண்ணைக் காட்டு. இது அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருமாம், டாக்டர் சொன்னார்.

இப்படிக்கு,
உன் அம்மா