பெல்ட் இல்லாத கிளிப்

என் மகளின் அப்பாவுக்கு,

இன்று நெற்றித் தையலைப் பிரித்தார்கள். ஏழு தையல். அவள் அழவில்லை. "அப்பா காருக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றுதான் கேட்டாள். உங்கள் வளர்ப்பு.

கார் வாங்கி இரண்டு வருடமாகியும் சீட்டின் பிளாஸ்டிக் கவரைக் கிழிக்கவிடாத மகாராசா நீங்கள். அவளுக்காக நான் வாங்கிய குழந்தை சீட் மட்டும் இடத்தை அடைக்கிறது என்று பரணுக்குப் போனது. பெல்ட் போடவில்லை என்று வண்டி கூவியது உங்கள் காதுக்குப் பொறுக்கவில்லை. பெல்ட்டே இல்லாத வெறும் கிளிப்பை வாங்கிவந்து பெல்ட் மாட்டும் இடத்தில் சொருகி அதன் வாயை அடைத்தீர்கள். "பாத்தியா நம்ம மூளைய!" என்று பீற்றல் வேறு. "பக்கத்துத் தெருவுக்குப் போக எதுக்குடி பெல்ட்டு?" என்று அவளை முன்சீட்டில் நிற்கவைத்து ஓட்டியதும் அதே மூளைதான்.

நாய் குறுக்கே வந்ததாம், பிரேக் போட்டீர்களாம். பழி போட உங்களுக்கு ஒரு நாயாவது கிடைத்ததே.

விரிசல் விட்ட கண்ணாடியை மறுநாளே மாற்றிவிட்டதாக உங்கள் தம்பி சொன்னார். ஆஸ்பத்திரிக்கு வரத்தான் உங்களுக்கு நேரமில்லை.

அவளுக்கு அடிபட்ட அன்று நான் பிடுங்கிய கிளிப்பை இத்துடன் வைத்திருக்கிறேன். வண்டியிலேயே சொருகிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு அது வேண்டியிருக்காது. சத்தம் போட அங்கே இனி நாங்கள் இருவரும் இல்லை.

அவளுடைய அம்மா